சோகையின் வேரைத் தேடிய லூசி வில்ஸ் அம்மையார்

டிசம்பர் 13-ஆம் நாள் புனித லூசியாவின் திருநாள். கண்பார்வைக்காக மக்கள் வேண்டுதல் செய்யும் அப்புனிதையின் பெயருக்கு ஒளி என்பது பொருள் என்பதை நம் பள்ளி மாணவியர் பலரும் அறிவர். அதே பெயரைத் தாங்கிய மற்றொரு பெண்மணியைப் பற்றி இம்மலரில் எழுத விரும்புகிறோம். இவர் புனிதையர் வரிசையில் வைத்து வணங்கப்படுபவர் அல்லர். கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவரும் அல்லர். ஆயினும், ஏழைத் தாய்மாரின் வெளிறிய முகங்களைக் கண்டு, இவர்கள் ஏன் இப்படி வெளிறிப் போகிறார்கள் என்று கேட்டவர். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் வரை ஓயாதவர். பம்பாயிலும், நம் குன்னூரிலும், சென்னையிலும் உழைத்தவர். இன்று வாரந்தோறும் பள்ளிகளில் மாணவியருக்குத் தரப்படும் நீல நிற மாத்திரையில் இருக்கும் இரண்டு மருந்துகளுள் ஒன்று, இவர் தொடங்கி வைத்த தேடலின் பயன். அவர்தாம் டாக்டர் லூசி வில்ஸ் அம்மையார்.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டு என்னும் ஊரில் 1888-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் லூசி பிறந்தார். தந்தையார் வில்லியம் லெனார்டு வில்ஸ் அறிவியல் கற்றவர். தாயார் கெர்ட்ரூடு ஒரு மருத்துவரின் மகள். அரசாங்கத் திருச்சபையோடு சேராமல், தம் மனச்சான்று காட்டிய வழியில் நடந்த குடும்பம் அது. செடி கொடிகள், பாறைகள், விண்மீன்கள் என்று இயற்கையை உற்று நோக்கும் பழக்கம் அவ்வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. கண்ணால் கண்டதை நம்பு, காணாததைத் தேடு என்னும் பாடத்தை லூசி பள்ளிக்குச் செல்லுமுன்பே வீட்டில் கற்றுக்கொண்டார் எனலாம்.

பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான கல்வி தரவேண்டும் என்ற கொள்கையோடு நடத்தப்பட்ட செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரிப் பள்ளியில் அவர் பயின்றார். பின்னர் 1907-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நியூன்ஹாம் மகளிர் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் மண்ணியலும் கற்றார். 1911-இல் தேர்வில் வெற்றியும் பெற்றார். ஆனால் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை! ஏனெனில் பெண்கள் தேர்வு எழுதலாம், தேறலாம், ஆனால் பட்டம் பெறக் கூடாது என்பது அக்காலத்துக் கேம்பிரிட்ஜின் விதி. அந்த விதி 1948-ஆம் ஆண்டில்தான் முற்றிலும் நீங்கியது. இன்று பட்டமளிப்பு விழாவில் கருப்பு அங்கி அணிந்து நிற்கும் நம் பழைய மாணவியர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

துன்பத்தில் திறந்த வழி

படிப்பு முடிந்த அதே ஆண்டில் தந்தையார் இறந்தார். 1913-இல் தமக்கையார் ஈடித்தும் காலமானார். துயரத்தில் ஆழ்ந்த தாயும் மகளும் அவ்வாண்டு உறவினரும் நண்பரும் வாழ்ந்த இலங்கைக்குப் பயணம் சென்று வந்தனர். அடுத்த ஆண்டு லூசி தம் தம்பியோடு தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கிருக்கும்போதே முதல் உலகப் போர் மூண்டது. தம்பி படையில் சேர்ந்தார். லூசி கேப்டவுன் நகரின் ஒரு மருத்துவமனையில் சில வாரங்கள் தொண்டர் தாதியாகப் பணிபுரிந்துவிட்டுத் தாய்நாடு திரும்பினார்.

அதுவரை எதை வாழ்க்கைப் பணியாகக் கொள்வது என்று தெளிவில்லாதிருந்தவர், 1915 ஜனவரியில் லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிரிட்டனில் பெண்களை மருத்துவராக்கவென்றே 1874-இல் தொடங்கப்பட்ட முதல் கல்லூரி அது. நம் நாட்டுக்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டு. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையார் பின்னர் அங்கே சென்று உயர் பட்டம் பெற்றவர். அவர் சென்னைக்குத் திரும்பி வந்து 1885-இல் தொடங்கிய மருத்துவமனையே, திருவல்லிக்கேணியில் இன்றும் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் தாய்சேய் மருத்துவமனை. அந்த மருத்துவமனையின் பெயரை நினைவில் கொள்ளுங்கள். நம் கதையில் அது மீண்டும் வரும்.

1920-இல், தம் 32-ஆம் வயதில், லூசி டாக்டர் பட்டம் பெற்றார். கேம்பிரிட்ஜ் மறுத்ததை லண்டன் பல்கலைக்கழகம் அளித்தது. ஆனால் அவர் மருத்துவத் தொழில் நடத்திப் பொருள் ஈட்ட விரும்பவில்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, கருவுற்ற பெண்களின் உடலில் நிகழும் மாறுதல்களை ஆராயும் பணியையே தேர்ந்தெடுத்தார்.

பம்பாயிலிருந்து வந்த அழைப்பு

அக்காலத்தில் இந்தியாவில் தாயாகப் போகும் பெண்கள் ஏராளமாக மடிந்துகொண்டிருந்தனர். அதன் காரணங்களைக் கண்டறிய இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் உதவியோடு ஒரு விசாரணை தொடங்கப்பட்டது. அதனை முன்னின்று நடத்திய டாக்டர் மார்கரெட் பால்ஃபோர் அம்மையார், பம்பாயிலுள்ள ஹாஃப்கின் ஆய்வு நிலையத்துக்கு வருமாறு லூசியை அழைத்தார். 1928-இல், தம் 40-ஆம் வயதில், லூசி கப்பலேறி வந்தார்.

பம்பாயின் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள் பலருக்குக் கருவுற்ற காலத்தில் கொடிய சோகை கண்டது. முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், கால் வீங்கும், பலர் பிள்ளைப்பேற்றைத் தாங்காமல் இறந்துபோவர். அந்தச் சோகை எது, எதனால் வருகிறது, எப்படித் தடுப்பது? இவையே லூசியின் முன் வைக்கப்பட்ட கேள்விகள்.

சோகை ஒன்றல்ல, பல

அவர் எதிர்கொண்ட சிக்கலை உணர்வதற்கு, சோகை என்றால் என்னவென்று நாம் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் சிவப்புப் பொருள் இருக்கிறது. நாம் உள்ளிழுக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது அதுவே. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அது வயது வந்த பெண்ணுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் சோகை என்பர். சிவப்பணு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து மறைகிறது. எலும்பு மஜ்ஜை ஓயாமல் புதிய அணுக்களைச் செய்து ஈடு கட்டுகிறது. செய்வது குறைந்தாலோ, அழிவது மிகுந்தாலோ, இரத்தம் வெளியேறினாலோ சோகை வரும். ஆகவே சோகை என்பது ஒரே நோயின் பெயரன்று. பல நோய்கள் அணியும் ஒரே முகமூடி.

இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகை. ஹீமோகுளோபினைச் செய்ய இரும்பு வேண்டும். உணவில் இரும்பு போதாவிட்டாலும், மாதவிடாயில் இரத்தம் மிகுதியாகப் போனாலும், வெறுங்காலின் வழியே உடலில் புகும் கொக்கிப்புழு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சினாலும் இச்சோகை உண்டாகும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இதில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருக்கும்.

இரண்டாவது வகையில் இதற்கு நேர்மாறாக அணுக்கள் பெருத்திருக்கும், எண்ணிக்கையோ குறைந்திருக்கும். பெர்னிஷியஸ் அனீமியா என்னும் கொடிய சோகை இவ்வகையைச் சேர்ந்தது. அது கண்டவர் பிழைப்பது அரிதாக இருந்தது. 1926-இல் அமெரிக்காவைச் சேர்ந்த மைனாட், மர்ஃபி என்னும் மருத்துவர்கள், நாள்தோறும் ஈரலை நிறைய உண்ணக் கொடுத்தால் அந்நோயாளிகள் எழுந்து நடமாடுவதைக் காட்டினர். அதற்காக அவர்கள் 1934-இல் விப்பிளுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றனர். ஈரலில் இருந்த அந்த உயிர்காக்கும் பொருள் வைட்டமின் பி12 என்பது 1948-இல்தான் தெரியவந்தது. அந்நோயாளிகளின் இரைப்பை, உணவிலுள்ள பி12-ஐ உடல் ஏற்றுக்கொள்ளத் துணைசெய்யும் ஒரு பொருளைச் சுரப்பதில்லை. அதுவே நோயின் காரணம்.

மூன்றாவது வகையில் சிவப்பணுக்கள் காலத்துக்கு முன்பே அழிகின்றன. மலேரியாக் காய்ச்சலில் இவ்வாறு நேரும். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் சோகைகளும் உண்டு. அணுக்கள் அரிவாள் போல் வளையும் சோகையைச் சிகாகோவில் ஹெரிக் என்பவர் 1910-இலும், இன்று தலசீமியா எனப்படும் சோகையைக் கூலி என்பவர் 1925-இலும் எடுத்துரைத்தனர். நான்காவது வகையில் எலும்பு மஜ்ஜையே வேலை செய்யாமல் ஓய்ந்துவிடுகிறது. இதனை எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இளம் கர்ப்பிணி ஒருத்தியிடம் கண்டு எழுதினார். அவர் அதை எழுதிய 1888-ஆம் ஆண்டே நம் லூசி பிறந்த ஆண்டு.

உணவைக் கேட்ட மருத்துவர்

பம்பாய்ப் பெண்களின் இரத்தத்தை லூசி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அணுக்கள் பெருத்திருந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் அது பெர்னிஷியஸ் அனீமியாவைப் போலவே தோன்றியது. ஆனால் கூர்ந்து ஆராயும்போது வேறுபாடுகள் தெரிந்தன. ஒரு பெயரைச் சூட்டிவிட்டு அமைதியடைய அவர் விரும்பவில்லை. ஆய்வுக்கூடத்தோடு நில்லாமல், பெண்களின் வாழ்க்கை நிலையையும் உணவையும் விசாரிக்கத் தொடங்கினார். இந்துக்கள், முஸ்லிம்கள், ஏழைகள், வசதியுள்ளவர்கள் என்று பல பிரிவினரின் அன்றாட உணவையும் அவர்களிடையே சோகை காணும் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

இந்த ஒப்பீடு ஒரு திசையைக் காட்டியது. பழமும் காய்கறியும் புரதமும் மிகக் குறைவாக உண்ட ஏழை முஸ்லிம் பெண்களிடையே இச்சோகை மிகுதியாக இருந்தது. அப்படியானால் குற்றம் கிருமியில் இல்லை, உண்ணும் தட்டில் இருக்கிறது என்னும் ஐயம் வலுத்தது. தாழ்ந்த கூலி, இருண்ட குடியிருப்பு, அடிக்கடி மகப்பேறு ஆகிய அனைத்தும் சேர்ந்து அந்தத் தட்டை வெறுமையாக்கியிருந்தன.

ஐயம் மட்டும் போதாது, சான்று வேண்டும். அப்பெண்கள் உண்ட அதே உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. சினை எலிகள் குட்டி ஈனுமுன் இறந்தன. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தபோது நோய் தடுக்கப்பட்டது. மகிழ்ந்து கொண்டாட வேண்டிய வேளை! ஆனால் அந்த எலிகளுக்குப் பேன் தொற்று இருந்தது. எலிகளின் சோகைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்ற நிலை ஏற்பட்டது. எனவே எலியின் முடிவோடு அவர் நின்றுவிடவில்லை. குரங்குகளை வைத்து அதே ஆய்வை மறுபடியும் செய்தார். ஆய்வுக்கூடத்தில் பதிவேடு எழுதும் நம் மாணவியருக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை. விரும்பிய விடை வந்துவிட்டது என்பதற்காக அதை உண்மை என்று எழுதிவிடக் கூடாது.

குன்னூரும் சென்னையும்

1929-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை லூசி தம் ஆய்வைக் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்துக்கு மாற்றிக்கொண்டார். உணவுக்கும் நோய்க்கும் உள்ள உறவை ஆராய்ந்துவந்த மெக்கரிசன் என்னும் அறிஞர் அங்கிருந்தார். அவருடைய உணவு ஆராய்ச்சிக் கூடமே 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. 1931-இன் தொடக்கத்தில் லூசி சென்னையில், முன்பு நாம் குறிப்பிட்ட கோஷா ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தார். லண்டனில் தாம் கற்ற அதே கல்லூரியில் அரை நூற்றாண்டுக்கு முன் கற்ற பெண்மணி தொடங்கிய மருத்துவமனையில், சென்னைத் தாய்மாரின் சோகையை அவர் ஆராய்ந்தார்.

உணவுக் குறைவால் சோகை கண்ட குரங்குகளுக்கு அவர் பல பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். அவற்றுள் ஒன்று மார்மைட். மது வடிக்கும் சாலைகளில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் கருநிறச் சாறு அது. இங்கிலாந்தில் ஏழை எளியவரும் ரொட்டியில் தடவி உண்ணும் மலிவான பண்டம். அதை உண்ட குரங்குகள் தேறின. பின்னர் நோயுற்ற தாய்மாருக்குக் கொடுத்தபோது, சில நாட்களிலேயே இரத்தத்தில் புதிய அணுக்கள் தோன்றலாயின. பசி எடுத்தது, முகத்தில் களை திரும்பியது. விலையுயர்ந்த ஈரல் சாற்றை வாங்க வழியற்ற ஏழைகளுக்கு, சமையலறைப் பண்டம் ஒன்றே மருந்தாக வாய்த்தது. இதனை அவர் 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் இதழில் வெளியிட்டார். மருத்துவ உலகம் வியந்தது.

வில்ஸ் பொருள்

லூசி அத்தோடு நிற்கவில்லை. ஈரலும் சோகையைத் தீர்க்கிறது, ஈஸ்டும் தீர்க்கிறது. அப்படியானால் இரண்டிலும் இருப்பது ஒரே பொருளா? இதைத்தான் அடுத்து ஆராய்ந்தார். பெர்னிஷியஸ் அனீமியாவைத் தீர்க்கும்படி நன்கு தூய்மைப்படுத்திய ஈரல் சாறு, இந்தியத் தாய்மாரின் சோகையைத் தீர்க்கவில்லை. தூய்மைப்படுத்தாத ஈரல் சாறோ தீர்த்தது. ஆகவே தூய்மைப்படுத்தும்போது நீங்கிவிடும் வேறொரு பொருள் ஈரலிலும் ஈஸ்டிலும் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். ஒரே தோற்றமுள்ள இரு சோகைகளை இவ்வாறு அவர் வேறு பிரித்துக் காட்டினார். பெயர் தெரியாத அப்பொருளை மருத்துவர்கள் வில்ஸ் பொருள் என்றே அழைத்தனர்.

அதன் உண்மை உருவம் பின்னரே வெளிப்பட்டது. 1941-இல் அமெரிக்க அறிவியலார் சிலர் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து மிகச் சிறிய அளவில் ஒரு சத்தைப் பிரித்தெடுத்தனர். இலத்தீன் மொழியில் இலைக்கு ஃபோலியம் என்று பெயராதலால் அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். லூசி தேடிய வில்ஸ் பொருள் போலிக் அமில இனத்தைச் சேர்ந்ததே என்பது புலனாயிற்று. 1945-இல் அதனை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாகத் தயாரிக்கும் வழியை அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தார் கண்டனர். அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, தம் சகோதரரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்நோயில் வரும் சோகைக்கும் போலிக் அமிலம் மருந்தாகிறது. இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவில் உழைத்த ஒரு பெண்மணி தொடங்கிய வேலையை, இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் உழைத்த ஒருவர் நிறைவு செய்ததில் இறைவனின் திருவுளத்தைக் காணத் தோன்றுகிறது.

ஓயாத உழைப்பு

1933-இல் லூசி லண்டனுக்குத் திரும்பி ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மீண்டும் பணியேற்றார். 1937 நவம்பரில் மீண்டும் பம்பாய் வந்து சுமார் பத்து வாரங்கள் ஆய்வு நடத்தினார். இம்முறை கடலில் இறங்கும் வானூர்தியில் ஐந்து நாட்கள் பறந்து கராச்சியை அடைந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது நெருக்கடிக்கால மருத்துவப் பணியில் நோயியல் வல்லுநராக உழைத்தார். 1944 ஜூலையில் பகைவரின் பறக்கும் குண்டு ஒன்று அவருடைய மருத்துவமனையில் விழுந்து பலர் மாண்டனர். ஒரு வாரத்துக்குள் ஆய்வுப் பிரிவு மீண்டும் இயங்கியது. உணவுப் பங்கீட்டுக் காலத்தில் கருவுற்ற பெண்களின் ஹீமோகுளோபின் அளவையும், இரும்பு மருந்தால் விளையும் பயனையும் தம் துணைவர்களோடு ஆராய்ந்து 1947-இல் வெளியிட்டார். அம்மருத்துவமனையில் இரத்தவியல் பிரிவை நிறுவியவரும் அவரே.

1947-இல் ஓய்வு பெற்றபின் சாய்வு நாற்காலியில் அமர்ந்துவிடவில்லை. ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று சென்று, உணவும் சோகையும் பற்றிய ஆய்வைத் தொடர்ந்தார். வாழ்வின் இறுதிப் பத்தாண்டுகள் லண்டனின் செல்சி பகுதியில் தொழிற்கட்சியின் நகரமன்ற உறுப்பினராகவும் தொண்டு செய்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. மலையேறுவதிலும் பனிச்சறுக்கிலும் பெருவிருப்பம் கொண்டவர், ஆடம்பரத்தை விரும்பாதவர், சோம்பலையும் அறியாமையையும் பொறுக்காத கண்டிப்பானவர் என்று உடன் பணிபுரிந்தோர் கூறுவர். 1964 ஏப்ரல் 16-ஆம் நாள், 75-ஆம் வயதில், அவர் மறைந்தார்.

கருவுறுமுன்பும் கருவுற்ற தொடக்கத்திலும் போலிக் அமிலம் உட்கொண்டால், பிறக்கும் குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகளில் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம் என்று 1991-இல் பிரிட்டன் தலைமையில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. இதைக் காண அவர் உயிரோடில்லை.

நமக்குள்ள கடமை

மாணவியரே, இவ்வரலாற்றை நாம் எழுதியதற்குக் காரணம் உண்டு. 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகையுற்றவர்கள். நூறு பேர் வரிசையில் நின்றால் பாதிக்கு மேற்பட்டோர்! வழிபாட்டு நேரத்தில் மயங்கி விழும் மாணவியை வெயில் தாங்காதவள் என்கிறோம். வகுப்பில் தூங்குபவளைச் சோம்பேறி என்கிறோம். படியேறும்போது மூச்சிரைக்கும் அம்மாவைப் பார்த்து வயதாகிவிட்டது என்கிறோம். லூசி அம்மையார் நம்மிடையே இருந்தால், இவள் இன்று என்ன சாப்பிட்டாள் என்று முதலில் கேட்டிருப்பார்.

இரும்பும் போலிக் அமிலமும் அடங்கிய நீல மாத்திரையைச் சிலர் கசப்புக்கு அஞ்சிச் சன்னல் வழியே எறிந்துவிடுவதைக் காண்கிறோம். இரும்பு மருந்தால் மலம் கறுப்பது இயல்பே. வயிற்றைப் புரட்டினால் உணவுக்குப் பின் உட்கொள்ளலாம். கீரையும் பயறும் போலிக் அமிலத்தைத் தருகின்றன. ஆனால் கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் அச்சத்தும் தண்ணீரோடு போய்விடும். கேழ்வரகு, பயறு, ஈரல், மீன் முதலியவற்றில் இரும்பு உண்டு. எலுமிச்சையும் நெல்லிக்காயும் கொய்யாவும் அதை உடல் ஏற்கத் துணைசெய்யும். சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கும். இறைச்சி உண்ணாதவர்கள் பி12-க்காகப் பாலையும் தயிரையும் விடக் கூடாது. வெளியே செல்லும்போது செருப்பணிவதும், கழிப்பறையைப் பயன்படுத்துவதும், பூச்சி மாத்திரையை உரிய காலத்தில் உட்கொள்வதும் கொக்கிப்புழுவை விலக்கும்.

மாத்திரைக்கும் உணவுக்கும் பிறகும் சோகை நீங்காவிட்டால், இன்னும் நாலு மாத்திரை என்று நாமே கடையில் வாங்கி விழுங்கலாகாது. சோகை பலவகை என்பதை மறக்கக் கூடாது. பி12 குறைந்தவருக்குப் போலிக் அமிலம் மட்டும் கொடுத்தால், இரத்தம் தேறியது போல் தோன்றும். ஆனால் நரம்புகள் கெட்டுக்கொண்டே போகும். தலசீமியா உள்ளவர்களுக்கோ உடலில் ஏற்கெனவே இரும்பு மிகுந்திருக்கலாம். மேலும் இரும்பு கொடுப்பது தீங்காகும். லூசி அம்மையார் ஆய்வு நடத்திய அதே நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுச் சோகை இருப்பதை 1952-இல் ஆய்வாளர்கள் கண்டனர்; அது உணவால் வருவதுமன்று, உணவால் தீர்வதுமன்று. எனவே மருத்துவரிடம் சென்று இரத்தத்தைச் சோதித்து, எந்தச் சோகை, எதனால் வந்தது என்று அறிந்தே மருந்து கொள்ள வேண்டும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் தந்தையும் மகன்களும் உண்டபின் மகள் உண்கிறாள். எல்லாரும் உண்டபின் சட்டியில் ஒட்டியிருப்பதைத் தாய் வழித்து உண்கிறாள். இதைத் தியாகம் என்று போற்றி வந்திருக்கிறோம். ஆனால் வெறும் சோற்றையும் குழம்பையும் கொண்டு இரத்தம் ஊறாது. ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தளித்த நம் ஆண்டவர் எல்லாரும் வயிறார உண்ணும்படியே செய்தார். பெண்களைக் கடைசியில் நிறுத்தி மிச்சத்தை உண்ணச் சொல்லவில்லை. கீரையும் முட்டையும் மீனும் மகளின் தட்டிலும் தாயின் தட்டிலும் சமமாக விழட்டும்.

மாணவியரே, உங்களுள் யாரேனும் நாளை மருத்துவராகவோ, செவிலியராகவோ, ஆய்வாளராகவோ ஆகலாம். துறவறம் பூண்டு ஏழைகளின் மருத்துவ நிலையத்தில் தொண்டாற்றலாம். அல்லது ஒரு வீட்டின் அடுக்களையை ஆளும் அன்னையாகலாம். எந்நிலையில் இருந்தாலும், வெளிறிய முகத்தோடு ஒருத்தி உங்கள் முன் வந்து நிற்கும்போது அவளை ஏசாமல், ஏன் இப்படி ஆயிற்று என்று பரிவோடு கேளுங்கள். பொறுமையோடு காரணத்தைத் தேடுங்கள். அதற்கான அறிவையும் அன்பையும் ஆண்டவர் உங்களுக்கு நிறைவாக அருள்வாராக!